கார் இன்சூரன்ஸில் எந்த ஆட்-ஆன் வேண்டும், எது வேண்டாம்: கொங்குச் சாலைகளை வைத்து ஒரு கணக்கு

"ஏனுங்க, பம்பர் டு பம்பர் சேத்துப் போட்டறலாங்களா?" என்று ஏஜென்ட் கேட்டால், பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் "போட்டிருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலர், பிரீமியம் கூடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை. ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும், அதாவது அடிப்படை பாலிசியோடு தனிக் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புக்கும், வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறோம், அது இல்லாவிட்டால் ஒரு விபத்தில் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற இரண்டு தொகைகள் தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும். பழைய பாலிசி, ஆர்.சி. புக், புதுப்பிக்க வந்த கொட்டேஷன் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும்.

சட்டம் கேட்பது எவ்வளவு?

1988 மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டை மட்டும்தான். அது இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த முறை 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. தர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலின்படி 1,000 சி.சி. வரையுள்ள காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதில் எந்தக் கம்பெனியும் தள்ளுபடி தர முடியாது. பேரம் பேச இடமிருப்பது ஓன் டேமேஜ் பகுதியிலும் ஆட்-ஆன்களிலும்தான்.

ஓன் டேமேஜ், அதாவது நம் ஆட்கள் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்வதில் உள்ள சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி, முழுக்க உங்கள் விருப்பம். கடன் இருந்தால் பேங்க் கேட்கும், அது வேறு விஷயம். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல், மண்சரிவு, பாறை உருண்டு விழுவது, கலவரம் எல்லாம் இதில் வந்துவிடும். ஆடிக் காற்றில் தென்னை மட்டையோ தேங்காயோ விழுந்து கண்ணாடி நொறுங்கினாலும், ஆசனூர்ப் பக்கம் காட்டு விலங்கு மோதினாலும் வெளிக்காரணத்தால் நேர்ந்த விபத்து என்ற கணக்கில் அடிப்படை பாலிசியே கொடுக்கும். இவற்றுக்கென்று தனி ஆட்-ஆன் வாங்க வேண்டியதில்லை.

தர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த பாலிசியில் உங்கள் காருக்குள் உட்கார்ந்து வருபவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆக்ட் பாலிசி (தர்ட் பார்ட்டி மட்டும்) என்றால் காரில் பயணிப்பவர்களுக்கு இழப்பீடு கிடையாது, காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (ஃபுல் இன்சூரன்ஸ்) என்றால் உண்டு என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பத்தோடு பழனிக்கும் ஊட்டிக்கும் போய்வரும் வண்டிக்கு இது சின்ன விஷயமல்ல. கார் பழசு என்பதற்காக ஃபுல் இன்சூரன்ஸை விடும் முன் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

பம்பர் டு பம்பர்: வெட்டு எங்கே விழுகிறது?

க்ளெய்மில் கைக்காசு போவதற்கு முதல் காரணம் தேய்மானம். புதுப் பாகம் மாட்டும்போது, பழைய பாகம் தேய்ந்திருந்த அளவுக்குக் கம்பெனி கழித்துக்கொள்ளும். இந்தக் கழிவு விழாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்தான் பம்பர் டு பம்பர். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் வண்டி எத்தனை வருடமானாலும் 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. தகரம், இரும்பு பாகங்களுக்கு வயதைப் பொறுத்து ஏறும்: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வருடம் வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவில்லை.

நான்கரை வருடமான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். கோவை எல் அண்ட் டி பைபாஸில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் அடித்ததில் முன்பக்கம் போய்விட்டது. பில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: பம்பரும் மற்ற பிளாஸ்டிக் பாகங்களும் 12,000, பானெட்டும் ஃபெண்டரும் 16,000, முன் கண்ணாடி 7,000, பெயிண்டிங் 12,000, கூலி 8,000, கூலன்ட், ஏ.சி. கேஸ், கிளிப், நட்டு போல்ட்டு 1,200. மொத்தம் 56,200.

பிளாஸ்டிக்கில் 6,000, தகரத்தில் 35 சதவீதக் கணக்கில் 5,600, பெயிண்டில் 1,500 வெட்டு விழும். கூலன்ட், கிளிப் வகைகளின் 1,200-ம் கிடைக்காது. 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் கட்டாயக் கழிவு 1,000 (அதற்கு மேலென்றால் 2,000). ஆக 15,300 ரூபாய் உங்கள் கையிலிருந்து, 40,900 கம்பெனியிடமிருந்து. பம்பர் டு பம்பர் இருந்திருந்தால் உங்கள் பங்கு 2,200 மட்டும். வித்தியாசம் 13,100.

இனி உங்கள் கொட்டேஷனில் பம்பர் டு பம்பருக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். 2,600 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 3,068. நான்கு வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த அளவு அடி விழும் என்றால் போட்ட காசு திரும்பிவிடும், அதைவிட அபூர்வம் என்றால் திரும்பாது. காந்திபுரம், திருப்பூர் நகருக்குள் தினமும் ஓட்டுபவருக்கும், வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்துக்குப் போய்வருபவருக்கும் விடை ஒன்றாக இருக்காது.

வண்டியை எங்கே வேலைக்கு விடுவீர்கள் என்பதும் இந்தக் கணக்கை மாற்றும். ஷோரூமில் நெளிந்த பாகத்தைப் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள், அதனால் தேய்மானக் கழிவு பெரிதாக விழும். நல்ல டிங்கரிங் பட்டறையில் தட்டி எடுத்தால் பில்லில் கூலிதான் அதிகம், கூலிக்கு வெட்டு இல்லை. ஷோரூமைத் தவிர வேறெங்கும் விடமாட்டேன் என்பவருக்கு இந்த ஆட்-ஆன் அதிகம் உதவும். பட்டறையில் விடுவதென்றால் முறையான ஜி.எஸ்.டி. பில் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் இல்லாத இடமென்றால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் வாங்க வேண்டும். காங்கேயம், தாராபுரம், கொடுமுடி போன்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் எந்த கேரேஜ் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்தே கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாலிசியில் பொடி எழுத்தில் வருவனவற்றையும் வாசியுங்கள். வருடத்துக்கு இரண்டு க்ளெய்ம் மட்டும் என்ற வரம்பு சாதாரணம். டயரையும் பேட்டரியையும் பல பாலிசிகள் விலக்குகின்றன. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் தருவதே இல்லை. வண்டி மொத்தமாகப் போய்விட்டால் இந்த ஆட்-ஆனால் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கிடைக்காது, அப்போது கிடைப்பது ஐ.டி.வி., அதாவது பாலிசியில் எழுதியிருக்கும் வண்டி மதிப்புதான்.

நோ க்ளெய்ம் போனஸையும் சேர்த்துப் பாருங்கள்

க்ளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். மறுபடி ஏற ஐந்து வருடம். இதன் விலையைக் கணக்கிட்டு வைத்திருப்பவர்கள் குறைவு.

தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000, இப்போது 50 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 6,000 கூடுதலாகக் கட்ட வேண்டும், அதற்கடுத்து 3,600, பிறகு 3,000, 1,800, 600. மொத்தம் 15,000. ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. வண்டி பழசாக ஆக பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் கம்பெனியிடமிருந்து வரக்கூடிய தொகை பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரத்துக்குள் என்றால், 50 சதவீத போனஸ் உள்ளவர் க்ளெய்ம் போடாமல் கைக்காசில் வேலையை முடிப்பதே நல்லது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. சின்ன அடிக்கு எப்படியும் க்ளெய்ம் போடப்போவதில்லை என்றால், சின்ன அடிக்கான ஆட்-ஆன்களும் வேண்டாம். அப்படிப்பட்டவர் தானாக ஏற்கும் கழிவைக் கேட்டுப் பார்க்கலாம். மோட்டார் டேரிஃபில் (பழைய பொதுக் கட்டண விதித்தொகுப்பு) இருந்த விகிதப்படி, ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 2,500-ஐ நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 750 ரூபாய் குறையும்.

போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆனை 45, 50 சதவீதத்துக்கு வந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம். எத்தனை க்ளெய்ம் வரை போனஸ் நிற்கும், கம்பெனி மாறினாலும் நிற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடக்காரருக்கு இதில் காப்பாற்ற ஒன்றுமில்லை.

இன்ஜின் கவர்: எந்தச் சாலையில் ஓடுகிறது உங்கள் வண்டி?

இந்தப் பகுதிக்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய ஆட்-ஆன் இதுதான் என்பது எங்கள் கருத்து. ஒரே சம்பவத்தில் லட்சக்கணக்கில் இழுத்துவிடும் சேதம் இங்கேதான் இருக்கிறது.

வெள்ளம் அடிப்படை பாலிசியில் உண்டு. சீட் நனைந்தது, வயரிங் போனது எல்லாம் கிடைக்கும். ஆனால் தண்ணீரில் நின்றுபோன வண்டியில் சாவியைத் திருப்பினால் உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமல்ல, அதன் பின்விளைவு என்று சொல்லி க்ளெய்மை மறுப்பார்கள். பின்விளைவுச் சேதம் எல்லா பாலிசியிலும் விலக்கப்பட்ட ஒன்று. கோவையில் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம், அவினாசி ரோடு பழைய மேம்பாலத்தின் அடி எல்லாம் நிரம்பிவிடும். திருப்பூரில் நொய்யல் தரைப்பாலங்களும் அப்படித்தான். தினமும் இந்த வழியில் போகிறவருக்கு இன்ஜின் கவர் அவசியம்.

மழையே வேண்டாம், கல் ஒன்று போதும். இட்டேரியிலோ எஸ்டேட் ரோட்டிலோ ஆயில் சேம்பர் கல்லில் அடித்து உடைகிறது. சேம்பர் உடைந்தது விபத்து, அதற்குப் பணம் உண்டு. ஆயில் முழுக்க ஒழுகியது தெரியாமல் நான்கு கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் இறுகிவிட்டால், இன்ஜின் செலவு பின்விளைவுக் கணக்கில் போய்விடும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலத்துக்கு மேல் திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70 என்று அடிக்கடி மலை ஏறுபவர்களும், தோட்டத்துச் சாளைக்கு மண் பாதையில் தினமும் போய்வருபவர்களும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். கார் அபார்ட்மென்டிலும் ஆபீஸிலும் மட்டும் நிற்கிறது, மேட்டுப் பகுதியில் வீடு, மழை வந்தால் வண்டியை எடுப்பதில்லை என்பவர் விட்டுவிடலாம்.

ஆட்-ஆன் இருந்தாலும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தண்ணீரில் வண்டி நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சில கம்பெனிகள் இன்ஜின் கவரிலும் விலக்குகின்றன. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுங்கள், கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ வெளியே கொண்டுவாருங்கள். ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைப்பதும் இதே அளவுக்கு முக்கியம்.

இன்வாய்ஸ் கவர்: தமிழ்நாட்டில் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

கார் திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ கம்பெனி ஐ.டி.வி. தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும். இந்த ஐ.டி.வி. ஷோரூம் விலையிலிருந்து புது வண்டிக்கு 5, ஆறு மாதத்துக்கு மேல் 15, ஒரு வருடத்துக்கு மேல் 20, இரண்டுக்கு மேல் 30, மூன்றுக்கு மேல் 40, நான்குக்கு மேல் 50 சதவீதம் கழித்து வருவது. ரோடு டாக்ஸ் இந்தக் கணக்கிலேயே கிடையாது.

2023 நவம்பரில் உயர்த்திய பிறகு தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. 12 லட்சம் ஷோரூம் விலையுள்ள காருக்கு வரி மட்டும் 2,16,000. இரண்டு வருடம் தாண்டிய நிலையில் அது தொலைந்தால் ஐ.டி.வி. 8,40,000. நீங்கள் கட்டியது 14,16,000-க்கு மேல். நடுவில் உள்ள ஐந்தே முக்கால் லட்சத்தை நிரப்புவதுதான் இந்த ஆட்-ஆன். முன்பணம் குறைவாகக் கட்டி ஏழு வருடக் கடனில் வாங்கியவருக்கு, வண்டி போன பிறகும் கடன் பாக்கி நிற்கும் ஆபத்து உண்டு. அவர் முதல் மூன்று வருடம் இதை விடக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் தருவதும் அந்தக் காலத்துக்குத்தான். ரொக்கம் கொடுத்து ஆறு லட்சத்துக்குக் கார் வாங்கி, பூட்டிய காம்பவுண்டுக்குள் நிறுத்துபவர் யோசித்துச் செய்யலாம். ரோடு டாக்ஸும் பதிவுக் கட்டணமும் சேருமா, ஷோரூம் விலை மட்டுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த ஒரு விஷயத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கம்பெனி பெயரில் உள்ள கார்கள்

திருப்பூர், கரூர், ஈரோட்டில் நிறையக் கார்கள் பனியன் கம்பெனி, மில், ஃபைனான்ஸ் பெயரில் ஆர்.சி. உள்ளவை. இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பார்ட்னர்ஷிப், பிரைவேட் லிமிடெட் பெயரிலுள்ள வண்டிக்குப் பொருந்தாது. வீட்டம்மா பெயரில் ஆர்.சி. இருந்து அவருக்கு லைசென்ஸ் இல்லையென்றாலும் இதே கதைதான். தந்தை பெயரில் உள்ள காரை மகன் ஓட்டும்போது விபத்து நடந்தாலும் மகனுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பயணிகள் விபத்துக் காப்பீட்டை, ஒரு சீட்டுக்கு 2 லட்சம் வரை, சேர்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் வைத்திருந்தால் சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்புக் கவரைத் தவறாமல் போடுங்கள். ஒரு டிரைவருக்கு 50 ரூபாய்தான், கொட்டேஷனில் இதைவிட மலிவானது இருக்காது. வாகனம் சாராமல் தனியாக 15 லட்சத்துக்கோ அதற்கு மேலோ விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வைத்திருப்பவர் காரில் அதை மறுபடி வாங்கத் தேவையில்லை, எழுதிக்கொடுத்தால் போதும்.

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுபவர்களுக்கு எந்த ஆட்-ஆனும் உதவாது. வாடகை ஓட்டத்தில் விபத்து என்று தெரிந்தால் சொந்த வண்டிச் சேதம் மறுக்கப்படும்.

மற்றவை

ரோடு சைடு உதவி: புது வண்டிக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும், இரண்டு முறை காசு கொடுக்காதீர்கள். வாங்குவதென்றால் இழுத்துச் செல்லும் தூர வரம்பைப் பாருங்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல். கன்ஸ்யூமபிள்ஸ் கவர் சில நூறு ரூபாய்க்குள் என்றால் எடுக்கலாம், பெரிய விபத்தில் ஆயிலும் கூலன்டும் ஏ.சி. கேஸும் சேர்ந்து நல்ல தொகை வரும். சாவி கவருக்கு முன் ஷோரூமில் புதுச் சாவியின் விலையைக் கேளுங்கள். டயர் கவரும், காருக்குள் வைத்திருக்கும் பொருள்களுக்கான கவரும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். எலி வயரைக் கடிப்பது வயல், தோட்டத்து வீடுகளில் அடிக்கடி நடப்பது. இதைக் கம்பெனிகள் ஒரே மாதிரி நடத்துவதில்லை, அடிப்படை பாலிசியில் உண்டா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் கிட் பொருத்தியிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றியே ஆக வேண்டும்.

பத்து வருடம் தாண்டிய காருக்கு எல்லா ஆட்-ஆனையும் விட்டுவிட்டு, ஓன் டேமேஜை மட்டும் தனியாக எடை போடுங்கள். ஐ.டி.வி. ஒன்றரை லட்சம், தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் பாதி வெட்டு என்ற நிலையில் அதற்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். வண்டியில் குடும்பம் போகுமென்றால் காம்ப்ரிஹென்சிவாகவே வைத்திருப்பது நல்லது.

கொட்டேஷனைப் பார்க்கும்போது

ஒவ்வொரு ஆட்-ஆனின் விலையும் தனி வரியாக வேண்டும் என்று கேளுங்கள். "சில்வர் பிளான், கோல்டு பிளான்" என்று மொத்தமாகக் கட்டித் தந்தால் பிரித்துக் கேளுங்கள். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒரே தொகையாக இருக்கட்டும். பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டுமென்று ஐ.டி.வி.யை இறக்கிக் காட்டுவது பழைய வழக்கம்.

பழைய கார் வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவரின் போனஸ் வண்டியோடு வராது, அது அவருடையது. சென்ற வருடம் க்ளெய்ம் போட்டுவிட்டு, இல்லை என்று சொல்லி போனஸ் வாங்கினால், அடுத்த க்ளெய்மில் அது கண்டுபிடிக்கப்பட்டு ஓன் டேமேஜ் பணம் சிக்கலில் மாட்டும். பாலிசி முடிந்து ஒரு நாள் தாண்டினாலும் வண்டியைப் பார்வையிட்ட பிறகுதான் புதிது தருவார்கள், 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் முழுதும் போய்விடும். எனவே முடிவதற்கு மூன்று வாரம் முன்பே கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். மேலே கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வர அந்த நாட்கள் தேவைப்படும்.